பட்டாணியை அடித்தது யார்?

கடையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாடி வீட்டுச்சாமான் கடை அது. கீழே பாத்திரம், நடுவில் துணி, மேலே கட்டில், மெத்தை, கம்பளம். வெளியே போகும் வாசலில் நீலச் சீருடையில் நின்றுகொண்டு பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. பையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்த்துவிடுவாள். ஒருமுறை பளபளவென்று உடுத்திக்கொண்டு வந்த ஒரு அம்மாள், "இவ்வளவு நேரம் நிக்கிறீங்களே, கால் வலிக்காதா?" என்று கரிசனத்தோடு கேட்டார்.

"வலிக்குதும்மா. அந்தக் குடையைக் கொஞ்சம் விரிங்க" என்றாள் எக்ஸ்ரே.

குடைக்குள்ளிருந்து கரண்டிகள் கலகலவென்று உதிர்ந்தன. கேமரா அறையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஓடிவந்து, "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார்.

"என் கால் வலியைப் பத்தி என் புருஷனே கேட்டதில்ல. இந்தம்மாவுக்கு என்ன அக்கறை வந்துச்சு?"

அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. தப்புச் செய்யாதவனை நிறுத்தினால் கோபப்படுவான். செய்தவன் சிரிப்பான். "இது எப்படி உங்க பைக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டால் "தெரியல" என்பான். பல வருட வாசல் வேலையில் அந்தக் கணக்கு அநேகமாகப் பொய்த்ததில்லை. அதனால் சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் அந்தக் கண்ணை அவளால் கழற்றி மாட்ட முடியவில்லை. குழாய் ரிப்பேருக்கு வந்தவன் தண்ணீர் கேட்டால், சமையலறைக்குள் எதையோ நோட்டம் விடுகிறான் என்று தோன்றும். நாத்தனார் போனில் அன்பாகப் பேசினால், "என்ன வேணுமாம் அவங்களுக்கு?" என்று கணவனைத் துளைப்பாள். அவன் ஏசி மெக்கானிக். சூடான வீடுகளுக்குள் போய்க் குளிர வைத்துவிட்டு வருகிறவன். சொந்த வீட்டில் அந்த வித்தை பலிக்காது என்பது அவனுக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அவர்களுக்கு ஒரே பெண். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பாத்திரத்திலிருந்து சிதறிய பட்டாணி மாதிரியேதான் வளர்ந்தாள். நடக்கிற இடமெல்லாம் எதிலாவது மோதினாள். நிலைப்படி, நாற்காலிக் கால், சுவர் மூலை, எதிரே வருகிற ஆள். ஐந்து வயது முடிந்த பிறகும் மாடிப்படியில் இரண்டு காலையும் ஒவ்வொரு படியிலும் சேர்த்து வைத்துத்தான் இறங்கினாள். சட்டைப் பித்தான் போட வராது. பேப்பர் டம்ளரில் பால் கொடுத்தால் ஒன்று நழுவும், இல்லையென்றால் பிடித்த பிடியில் நசுங்கும். பந்தைப் போட்டால், அது முகத்தில் பட்டுக் கீழே விழுந்த பிறகு கை இரண்டும் சேரும்.

"கண்ணை எங்கடி வச்சிருக்கே?" என்பாள் தாய்.

"முகத்துலதான்" என்று பட்டாணி தொட்டுக் காட்டுவாள்.

இது ஒருபுறம். இன்னொருபுறம், சட்டையின் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் லேபிள் தோலில் பட்டுவிட்டால் வீடு இரண்டாகிவிடும். தலை வாரச் சீப்பை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஆனால் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ரத்தம் வழிய வந்து நிற்பாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்காது. லேபிளுக்கு அழுகிறவள் ரத்தத்துக்கு அழாததை எக்ஸ்ரே தன் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் இருந்தாள். பிடிவாதம் என்று கொஞ்ச நாள் நினைத்தாள். செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று கொஞ்ச நாள்.

பிறகு ஒரு நாள் குளிப்பாட்டும்போது கன்றல்களைப் பார்த்தாள்.

தோளில் ஒன்று, புதியது, நாவல்பழ நிறம். மேல்கையில் ஒன்று, பச்சையாக மங்கியது. இடுப்பெலும்புப் பக்கம் மஞ்சள் பூத்த பழையது. முழங்காலுக்குக் கீழே எது எப்போது வந்தது என்றே பிரிக்க முடியாத அளவுக்கு. பிள்ளைகள் விழும், எழும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனையா?

"இது எப்படி வந்துச்சு?"

"தெரியல."

"யாராவது அடிச்சாங்களா?"

"தெரியல."

"கீழே விழுந்தியா?"

பட்டாணி சோப்பு நுரையைப் பார்த்துச் சிரித்தாள். "தெரியல."

தாயின் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. வாசலில் அந்தச் சொல்லை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள்! சிரிப்பும் கூடவே வந்திருக்கிறது. பிள்ளை எதையோ மறைக்கிறாள். பிள்ளை மறைக்கிறாள் என்றால் யாரோ மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் சிரிப்பு குறைந்தது. முதலில் பள்ளிக்கூடத்தைச் சந்தேகப்பட்டாள். வகுப்பு டீச்சரிடம் போய் நின்றபோது அவர் கொஞ்சம் கோபமாகவே, "உங்க பொண்ணு எல்லார் மேலயும் விழுறா. மத்த பிள்ளைங்க வீட்டிலருந்துதான் எனக்குப் புகார் வருது" என்றார். கோபப்பட்டார் அல்லவா? கணக்குப்படி டீச்சர் விடுதலை.

அடுத்தது யார் என்று யோசித்தபோது நெஞ்சில் ஒரு முள் தைத்தது. தைத்ததைப் பிடுங்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் பாயில் கையை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பட்டாணி உட்கார்ந்து தன் சட்டைக் காலரை மென்றுகொண்டிருந்தாள். எக்ஸ்ரே மெல்லக் குனிந்து, கணவனின் விரல்களைத் தூக்கி, மகளின் மேல்கைக் கன்றலின் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்துகிற மாதிரியும் இருந்தது, பொருந்தாத மாதிரியும் இருந்தது.

அவன் கண் விழித்தான். "என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லங்க. கைரேகை பாத்தேன்."

"என்ன சொல்லுது?"

"ஆயுசு கெட்டி."

"அது உன் கையிலதான இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஆனாலும் அந்த மனிதனை அவள் பட்டியலிலிருந்து நீக்கவில்லை, கொஞ்சம் கீழே தள்ளி வைத்தாள், அவ்வளவுதான்.

மேலே வந்து உட்கார்ந்தது கீழ்வீட்டு அக்கா.

பள்ளி விட்டதிலிருந்து தாய் வேலை முடிந்து வரும்வரை பட்டாணி அங்கேதான் இருப்பாள். அதே கட்டடத்தில் தரைத்தளத்து வீடு. ஐம்பதை நெருங்கிய, கனத்த உடம்புக்காரி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்வதுதான் பிழைப்பு. அதிகம் பேசமாட்டாள். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை வராது. "சாப்பிட்டாளா அக்கா?" என்றால் "சாப்பிட்டா." "அழுதாளா?" என்றால் "இல்ல." இத்தனை நாள் அது நிம்மதியாக இருந்தது. இப்போது வேறுவிதமாகப் பட்டது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஏன் சத்தமே வருவதில்லை? பட்டப்பகலில் திரைச்சீலையை ஏன் இழுத்து மூடியிருக்கிறாள்? கதவு ஏன் எப்போதும் உள்தாழ்ப்பாள்? அங்கிருந்து திரும்பி வரும் நாட்களில் பட்டாணி மட்டும் ஏன் இவ்வளவு சாதுவாக, அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறாள்?

அடித்துப்போட்ட மாதிரி என்ற வார்த்தை மனதுக்குள் வந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கீழ்வீட்டு அத்தைகிட்ட இருக்கும்போது என்ன பண்ணுவீங்க?" என்று பட்டாணியை மடியில் வைத்துக் கேட்டாள்.

"படம் வரைவோம். அப்புறம் அத்தை அமுக்குவாங்க."

"அமுக்குவாங்களா? யாரை?"

"என்னை."

"எங்க அமுக்குவாங்க?"

"எல்லா இடத்துலயும்."

மறுநாள் பள்ளி விட்ட நேரம் பார்த்து, தலைவலி என்று கடையில் பொய் சொல்லிவிட்டு எக்ஸ்ரே வீட்டுக்கு வந்தாள். கீழ்வீட்டின் முன்கதவு தாழிட்டிருந்தது. திரை மூடியிருந்தது. காதை வைத்தாள். முனகல் மாதிரி ஏதோ கேட்டது. துணி துவைக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். சமையலறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கூடத்தில் தரையில் ஒரு மெத்தை கிடந்தது. அதன் மேல் அக்கா மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தாள். மெத்தையின் இந்த முனையில் இரண்டு சின்னப் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் காலுறை. மற்ற பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து, தினமும் பார்க்கிற காட்சி போல வரைந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்து என்ன நடந்தது என்று அவளைக் கேட்டால், இன்றும் கோவையாகச் சொல்ல வராது. அக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். மெத்தையைப் புரட்டி எறிந்தாள். மகளை அள்ளி எடுத்ததும் அதுவரை முனகிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டது. "வேணாம்! வேணாம்!" என்று கத்துவது தாயின் காதில் தெளிவாக விழுந்தது.

"கொலைகாரி! என் புள்ளையைக் கொல்லப் பாத்தியா?"

"நீ மொதல்ல நான் சொல்றதைக் கேளு" என்று எழுந்தாள் அக்கா.

"என்ன கேக்கணும்? கையும் களவுமா பிடிச்சாச்சு!"

கட்டடத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன. எக்ஸ்ரே மாடிப்படியில் நின்று மகளின் கைகால்களைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு கன்றலையும் எல்லோருக்கும் காட்டினாள். அக்கா வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இந்த முகம் எந்தக் கணக்கில் சேரும் என்று எக்ஸ்ரே நின்று பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மற்ற தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கி அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள்.

காயங்களை டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டால் நேரே போலீசுக்குப் போவது என்று முடிவு. கணவனையும் அழைத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனாள். டாக்டர் நிதானமான பெண்மணி. பட்டாணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு அவளை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். நின்றவுடன் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்தில் போய் நின்றது. பெரிய மணிகளை நூலில் கோக்கச் சொன்னார், ஒன்றுகூட ஏறவில்லை. கழுத்துப் பட்டையைத் திருப்பி, லேபிளைக் கத்தரித்து எடுத்த இடத்தைப் பார்த்து, "இதை யார் வெட்டினது?" என்றார்.

"நான்தான். தோல்ல பட்டா கத்துவா."

டாக்டர் தலையாட்டினார். "கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் வெளியில இருங்க. பாப்பாகிட்ட நான் தனியா பேசணும்."

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எக்ஸ்ரேவுக்கு உறைத்தது. சந்தேகப்பட்ட ஆளைத் தனியறைக்கு அனுப்பிவிட்டுக் கூட வந்தவரிடம் விசாரிப்பது அவர்கள் கடை வழக்கம். இங்கே கூட வந்தவர் யார், சந்தேகத்துக்குரிய ஆள் யார்?

பிறகு கணவனைத் தனியே கூப்பிட்டார்கள். அவன் முகம் தொங்கிப்போய் வெளியே வந்தான். அப்புறம் அவள் முறை.

"வீட்டுல உங்களுக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?" டாக்டர் மிகவும் கனிவாகக் கேட்டார்.

"நானா?"

"ஆமா. அவ பாலைக் கொட்டிடுறா, சட்டை போட மாட்டேங்குறா. கோபம் வரத்தான செய்யும்?"

எக்ஸ்ரே சிரித்தாள். தன் உதடுகள் தானாக இளிப்பதை அவளே உணர்ந்தாள், நிறுத்த முடியவில்லை.

"இந்த இடுப்புப் பக்கம் இருக்கிறது எப்படி வந்துச்சு?"

"தெரியல" என்றாள்.

சொன்ன பிறகு காது மடல் சுட்டது. நிரபராதி வாயிலும் இந்தச் சொல் வரும் என்று முதல்முறையாக அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "காயம் எல்லாம் இடிச்சுக்கிற இடத்துல இருக்கு. தோள், முழங்கை, இடுப்பெலும்பு, முன்னங்கால். அடிச்சா வழக்கமா வேற இடத்துல இருக்கும். ஆனா ஒரே தடவை பாத்துட்டு எதையும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். திரும்பக் கூட்டிட்டு வரணும். இவளுக்கு உடம்பை ஒருங்கிணைச்சு அசைக்கிறதுல சிக்கல் இருக்கு, தொடு உணர்ச்சியும் சத்தமும் மத்தவங்களுக்குத் தெரியற மாதிரி இவளுக்குத் தெரியல. இதுக்குப் பயிற்சி குடுக்கிற எங்க தெரபிஸ்ட் பாக்கணும்."

எக்ஸ்ரே நம்பவில்லை. கீழ்வீட்டுக்காரிக்கு டாக்டர் தெரிந்தவராக இருப்பாரோ என்றுகூட நினைத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணவன் திடீரென்று நின்றான். "அன்னிக்கு நான் தூங்கும்போது என் கையை ஏன் எடுத்து அவ கையில வச்சே?"

அவள் மகளின் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"கைரேகையா பாத்தே?"

அவன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அதன்பிறகு வீட்டில் அவன் சாப்பிட்டான், வேலைக்குப் போனான், மகளோடு விளையாடினான். அவளோடு மட்டும் சுவரோடு பேசுகிற அளவுக்குக்கூடப் பேசவில்லை.

பட்டாணியை வைத்துக்கொள்ள இப்போது ஆள் இல்லை. முதலாளியிடம் கெஞ்சி, பள்ளி விட்ட பிறகு அவளைக் கடையின் கேமரா அறையில் உட்கார வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். கேமரா அண்ணனுக்குப் பிள்ளைகள் என்றால் பிடிக்கும். ஆனால் டீ என்றால் இன்னும் பிடிக்கும். ஒரு சாயங்காலம் அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

"எக்ஸ்ரே! பட்டாணியைக் காணோம்!"

அவள் ஓடிவந்தாள். யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. கீழ்வீட்டுக்காரியின் முகம்கூட வந்து போனது. அண்ணன் திரைகளை மாற்றி மாற்றிப் போட்டார். மேல்மாடித் திரையில் ஒரு ஓரத்தில், செங்குத்தாக நிறுத்தி வைத்திருந்த கம்பளச் சுருள்களின் நடுவே, அந்த வட்ட முகம் மட்டும் தெரிந்தது.

"அங்க இருக்கா. நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று அண்ணன் எழுந்தார்.

"இருங்கண்ணே. அவளை அங்க யார் கூட்டிட்டுப் போனதுன்னு பாக்கணும். பின்னாடி ஓட்டுங்க."

ஓட்டினார். பட்டாணி தனியாகத்தான் படியேறினாள், கைப்பிடியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு. துணிப் பிரிவுக்குள் நுழையும்போது இரும்பு ஸ்டாண்டில் தோள் இடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருப்பத்தில் திரும்பவேண்டியவள் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி, மேல்கையைத் தூணில் மோதினாள். அகலமான வழியில்கூட ஓரத்தை உரசியே போனாள், எல்லை எங்கே என்று இடித்துத்தான் தெரிந்துகொள்வதுபோல. மேல்மாடியில் தன் காலே தன் காலில் தடுக்கி, இரும்புக் கட்டிலின் விளிம்பில் முன்னங்கால் பட விழுந்தாள். பார்த்த அண்ணன் "ஸ்ஸ்" என்றார். பட்டாணி எழுந்தாள். அழவில்லை. காலைத் தடவவில்லை. யாராவது பார்த்தார்களா என்று தேடவும் இல்லை. நேராகக் கம்பளச் சுருள்களிடம் போனாள். இரண்டுக்கு நடுவே முதுகைக் கொடுத்து நெருக்கி நெருக்கி உள்ளே புகுந்தாள். இரு பக்கமும் இறுக்கிப் பிடித்ததும் உடம்பு அடங்கியது. காலரை மெல்லும் வாய் நின்றது. தாய் வீட்டில் பார்த்தே இராத ஒரு முகம் திரையில் தெரிந்தது. அமைதியான முகம்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள்.

திருடனின் கையைத் தேடுவதுபோல அந்தப் படத்தில் ஒரு கையைத் தேடினாள். அடித்த கை, தள்ளிய கை, கிள்ளிய கை. கடைசிவரை எந்தக் கையும் வரவில்லை.

மேலே போய் மகளை மெதுவாக வெளியே எடுத்து, கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்தாள். முன்னங்காலில் சிவப்பாக ஒரு கோடு வீங்கத் தொடங்கியிருந்தது.

"இது எப்படி வந்துச்சு பட்டாணி?"

பட்டாணி காலைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கே அது புதுச் செய்தி. "தெரியல" என்றாள்.

தாய் அங்கேயே, விற்பனைக்கு வைத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். கட்டில் விலை கேட்க வந்த ஒருவர் பேசாமல் திரும்பிப் போனார்.

மறுநாளே டாக்டர் சொன்ன தெரபிஸ்டிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் இளைஞர், தரையில் உட்கார்ந்து பேசுகிறவர். கண்ணை மூடினாலும் நம் கை எங்கே, கால் எங்கே என்று நமக்குத் தெரியும், தசையும் மூட்டும் உள்ளேயிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும் என்றார். "பட்டாணிக்கு அந்தச் செய்தி ரேடியோவை ரொம்ப மெதுவா வச்ச மாதிரி. சரியா கேக்கல. அதான் இடிச்சுக்கிறா. அழுத்தமா பிடிச்சா, இறுக்கமான இடத்துல புகுந்தா, கொஞ்சம் கேக்குது. லேபிள், சீப்பு, மிக்சி இதெல்லாம் அதுக்கு நேர் எதிர். காதுக்குள்ள ஸ்பீக்கர் வச்ச மாதிரி."

"அப்ப அந்தம்மா மெத்தை வச்சு அமுக்கினது?"

"முகம் வெளியில இருந்துச்சா?"

எக்ஸ்ரே யோசித்தாள். அவள் பார்த்தது பாதங்களை மட்டும்தான். மறு முனையை அவள் பார்க்கவே இல்லை.

"முகத்தை மூடக் கூடாது, மேல ஏறி உக்காரக் கூடாது, பிள்ளை போதும்னா உடனே விட்டுடணும். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்து வராது. ஆனா சில பிள்ளைங்க தாங்களே தேடிப் போவாங்க" என்றார். பிறகு, "காயத்தைப் பாத்து நீங்க பயந்தது தப்பில்லம்மா. யாரா இருந்தாலும் பயப்படணும்" என்றும் சொன்னார். அந்த ஆறுதலை வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் இல்லை.

அன்று மாலையே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்கா திறந்தாள். உள்ளே கூடம் காலியாக இருந்தது. மெத்தை சுவரில் சாய்ந்திருந்தது.

"அக்கா, நான் தப்பா நினைச்சுட்டேன்."

"சரி."

"நீங்க ஏன்க்கா அன்னிக்கே சொல்லல, அவளை இப்படி வைக்கிறீங்கன்னு?"

அக்கா முதல்முறையாக நீளமாகப் பேசினாள். "எதைச் சொல்றது? எனக்கென்ன தெரியும்? ஒரு நாள் அவளாத்தான் மெத்தைக்கு அடியில புகுந்துக்கிட்டா. வெளிய எடுத்தா அழுதா, மேல கையை வச்சா சிரிச்சா. வெளிச்சம் ஆகலைன்னா, திரையை மூடினேன். சத்தம் ஆகலைன்னா, மத்த பிள்ளைங்களுக்குப் பென்சிலைக் குடுத்து உக்கார வச்சேன். உங்கிட்ட எப்படிச் சொல்ல? சாப்பிட்டாளான்னு கேக்கும்போதே பையைத் திறன்னு சொல்ற மாதிரிதான் கேப்பே."

எக்ஸ்ரே தலை குனிந்து நின்றாள்.

"அன்னிக்குப் புள்ள 'வேணும், வேணும்'னுதான் கத்துச்சு" என்றாள் அக்கா. "உன் காதுல என்ன விழுந்துச்சோ."

"திரும்பவும் அவளைப் பாத்துக்குவீங்களா அக்கா?"

"மாட்டேன். உன் புள்ள மேல எனக்கு ஒண்ணுமில்ல. உன்னைக் கண்டா பயமா இருக்கு." கதவு சாத்தப்பட்டது. ஓசையில்லாமல்தான் சாத்தினாள்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே செய்தது அவள் வாழ்க்கையிலேயே கடினமான வேலை. அன்று மாடிப்படியில் கூடியிருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "நான் சொன்னது பொய், அந்தக்கா மேல தப்பில்ல" என்றாள். அன்று கூவியபோது ஒரே நிமிடத்தில் நம்பியவர்கள், இப்போது அரைமணி நேரம் பேசியும் நம்பவில்லை. "உன்னை மிரட்டினாளா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, "நெருப்பில்லாம புகையுமா?" என்றாள். எக்ஸ்ரேவுக்கு அந்தக் குரல் நன்றாகப் பழக்கமானது. அது அவளுடைய சொந்தக் குரல். கெஞ்சி, விளக்கி, தெரபிஸ்டிடம் கையோடு கூட்டிக்கொண்டு போய்க்கூடச் சிலரை மனம் மாற்றினாள். மெல்ல மெல்லக் கீழ்வீட்டுக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஒரு வீட்டார் மட்டும் கடைசிவரை அனுப்பவில்லை. மாடிப்படியில் அக்காவைக் கண்டால் இப்போதும் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள்.

கணவனிடமும் சொன்னாள். "உங்களையும் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுடுங்க" என்று நேராகவே சொன்னாள். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதைப் பையில் போட்டுவிட்டு, "உனக்குக் கால் வலிக்குதா?" என்றான். எதற்குக் கேட்கிறான் என்று ஒரு கணம் அவள் கண் சுருங்கியது. அதைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான். பேச்சு திரும்பியது. ஆனால் மதியத் தூக்கத்தில் அவன் இப்போதெல்லாம் கையை விரித்துப் போடுவதில்லை. மார்பின் மேல் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான்.

பட்டாணி வாரந்தோறும் தெரபிஸ்டிடம் போகிறாள். ஊஞ்சலில் குப்புறப் படுத்து பயறு நிரப்பிய சின்னத் துணிமூட்டையை வீசுவது, கனமான கூடையைத் தள்ளிக்கொண்டு போவது, களிமண் பிசைவது. பார்த்தால் விளையாட்டு. செய்தால் வேர்த்துக் கொட்டும். வீட்டில் மேசை மூலைகளில் ரப்பர் ஒட்டினார்கள். மிக்சி போடுமுன் "போடப் போறேன்" என்று குரல் கொடுக்கிறார்கள். லேபிள் இல்லாத சட்டையாகத் தேடி வாங்குகிறார்கள். ஒரு காலை வேளையில் பட்டாணி பெரிய பித்தான் ஒன்றைத் தானாகவே போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஓட்டை மாறியிருந்தது. சட்டை கோணலாகத் தொங்கியது. யாரும் திருத்தவில்லை. அப்படியே பள்ளிக்கூடம் போனாள். இன்னும் மோதுகிறாள், இன்னும் விழுகிறாள். குறைந்திருக்கிறது, போகவில்லை. போய்விடும் என்று தெரபிஸ்டும் சொல்லவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு நாள், பட்டாணி யாரிடமும் சொல்லாமல் படிகளில் இறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். எக்ஸ்ரே பின்னாலேயே ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கதவு திறந்திருந்தது.

"அத்தை, மெத்தை" என்றாள் பட்டாணி.

அக்கா பிள்ளையைப் பார்த்தாள். படியில் நின்ற தாயைப் பார்த்தாள். பட்டாணி நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"முன்கதவைத் திறந்தே வைக்கிறேன்" என்றாள் அக்கா. "நீ எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கோ."

"நான் பாக்க மாட்டேன் அக்கா."

"பாப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

எக்ஸ்ரே மாடிக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். ஜன்னலைத் துடைத்தாள். பிறகு தாங்கமாட்டாமல், செருப்பைக்கூடப் போடாமல், படி படியாக இறங்கி வந்து திறந்திருந்த கதவின் ஓரம் நின்றாள். மெத்தைக்கு வெளியே மகளின் முகம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தது.

அக்கா திரும்பிப் பார்க்காமலே, "வெளியில நின்னு ஒளிஞ்சு பாக்காதே. வந்து உக்காந்து பாரு" என்றாள்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.